சுவையும் நீதியும்

‘சிறந்தது எது?’ என்னும் வினா மனிதனை நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகிறது. சிறந்த அறம் எது, சிறந்த அரசு எது, சிறந்த கவிதை எது என்றெல்லாம் கேட்டுப் பழகிய நாம், சிறந்த தின்பண்டம் எது என்ற கேள்வியை மட்டும் சற்று ஏளனத்தோடு ஒதுக்கிவிடுகிறோம். நாவின் விவகாரம் தத்துவத்துக்கு உரியதன்று என்பது படித்தவர்களிடையே ஊறிப்போன எண்ணம். சமுதாய மாற்றத்தில் அக்கறை கொண்டோரிடம் இவ்வேளனத்தோடு ஒரு சந்தேகமும் சேர்ந்துகொள்கிறது. சுவையைப் பற்றிய பேச்சு வயிறு நிரம்பியவர்களின் பொழுதுபோக்கு என்ற சந்தேகமே அது. இவ்விரு மனப்பான்மைகளும் எவ்வளவு தூரம் சரியானவை என்று சிந்திக்கும் சந்தர்ப்பம் சென்ற பாடசாலை விடுமுறையின்போது எமக்குக் கிடைத்தது.

பாரிஸ் நகரின் வடபகுதியில் வாழும் எமது ஒன்றுவிட்ட அண்ணர் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தோம். அண்ணர் இளமையிலேயே அந்நகரை அடைந்தவர். லா சப்பல் பகுதி உணவகமொன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, பின்னர் பேக்கரித் தொழிலைக் கற்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதிலேயே நிலைத்திருக்கிறார். அவருடைய மகள் பல்கலைக்கழக மாணவி. நாம் போய்ச் சேர்ந்த அன்றே அவள் ஒரு திட்டத்தை முன்வைத்தாள். “சித்தப்பா, பாரிசிலை ஆகத் திறமான குருவாசன் எந்தக் கடையிலை எண்டு நாங்கள் ரெண்டு பேருமாத் தேடிப் பிடிப்பம்” என்றாள். அவளுடைய குறிப்புப் புத்தகத்தில் ஒன்பது கடைகளின் பெயர்கள் இருந்தன. நான்கு காலைகளில் ஒன்பது கடைகளுக்கும் சென்றோம்.

குருவாசன் என்பது பிரெஞ்சு மொழியிலே பிறையைக் குறிக்கும் சொல். ஆங்கிலத்தின் வழியே அறிந்தோர் குரோசன்ட் என்பர். ஈஸ்ட் இட்டுப் பிசைந்த கோதுமை மாவைத் தட்டையாக்கி, அதனுள் குளிர்ந்த வெண்ணெய்ப் பாளத்தை வைத்து மூடி, உருட்டி விரித்து மூன்றாக மடிப்பார்கள். மடித்ததைக் குளிரில் ஆறவிட்டு மீண்டும் விரித்து மடிப்பார்கள். அதன்பின் மூன்றாம் முறையும் அவ்வாறே செய்வார்கள். இவ்வாறு மும்முறை மும்மூன்றாக மடிக்கப்படும்போது வெண்ணெய் 27 படலங்களாகிவிடுகிறது. பின்பு மாவை முக்கோணங்களாக வெட்டிச் சுருட்டிப் பொங்கவிட்டுப் போறணையில் வைத்தால், வெண்ணெயிலுள்ள நீர் ஆவியாகி அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து உயர்த்துகிறது. வெண்ணெய் இடையில் உருகினால் மாவோடு கலந்து அடுக்குக் கெடும். அளவுக்கு மீறி இறுகினால் உடைந்து மாவைக் கிழிக்கும். ஆகவே இது கைத்திறனோடு பொறுமையையும் வேண்டி நிற்கும் பண்டம். முதல்நாள் பிசைந்த மா மறுநாட் காலையிலேயே போறணை காண்பது வழக்கம்.

முதல்நாள் எமக்கும் பெறாமகளுக்கும் கருத்து ஒத்துவரவில்லை. நன்கு கருகச் சிவந்தது அவளுக்குப் பிடித்தது. பொன்னிறமானது எமக்குப் பிடித்தது. சுவை அவரவர் நாவைப் பொறுத்தது என்று கூறி விவாதத்தை முடித்துக்கொள்வது எளிது. ஆனால் மூன்றாம் நாளுக்குள் எமது தீர்ப்புகள் நெருங்கி வந்தன. மேலோடு கடிக்கும்போது நொறுங்க வேண்டும்; உள்ளே தேன்கூடு போன்ற அறைகள் தெளிவாக விரிந்திருக்க வேண்டும்; வெண்ணெயின் மணம் நிற்க வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சக் கூடாது. இவை எமது சொந்த விருப்பங்கள் அல்ல. பாரிஸ்ப் பிரதேசத்துப் பேக்கரிக்காரரின் சங்கம் ஆண்டுதோறும் வெண்ணெய்க் குருவாசனுக்கு நடத்தும் போட்டியிலும் பண்டத்தின் தோற்றம், வேகல், சுவை என்பனவே நோக்கப்படுகின்றன. நாவின் விருப்பு வெறுப்புக்கு இடமுண்டு என்பது உண்மையே. எனினும் அதற்கு அப்பால் நல்லது என்றும் குறைபாடுடையது என்றும் வேறுபடுத்தக்க ஒன்று பண்டத்திலேயே இருக்கிறது. அது அங்கு வந்தது உழைப்பினால். மடிப்பவனின் கவனமே உண்பவனின் நாவிற் சுவையாகத் தெரிகின்றது.

மூன்றாம் நாள் மாலையிலேதான் ஒன்றைக் கவனித்தோம். ஒன்பது கடைகளுள் அண்ணர் வேலை செய்யும் கடை இருக்கவில்லை. ஏனென்று கேட்டபோது, “அது சும்மா கடை, சித்தப்பா” என்றாள் அவள், தயக்கம் எதுவுமின்றி. அண்ணர் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து போய் முற்பகலில் வீடு திரும்புபவர். திரும்பும்போது விற்காமல் எஞ்சிய நாலைந்து குருவாசன்களைக் கடதாசிப் பையில் கொண்டுவருவார். சமையலறை மேசையில் அந்தப் பை பிரிக்கப்படாமலே கிடக்கும். அவ்வீட்டில் எவரும் அதை உண்பதில்லை, நாமும் உண்ணவில்லை. ஒன்பது கடைகளில் வாங்கியதை ஆராய்ச்சியாளர் போல நுணுகிச் சுவைத்த எமது நாக்கு, அந்தப் பையின் பக்கம் மூன்று நாளும் திரும்பவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்து வெட்கினோம்.

மகள் கூறியது அண்ணரின் காதில் விழுந்தது. அவர் கோபங்கொள்ளவில்லை. நாம் அன்று காலை வாங்கியவற்றுள் மிஞ்சியிருந்த ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டி, வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தார். “இதைச் செய்தவனுக்கு ஆறுதலாச் செய்ய நேரம் குடுத்திருக்கினம்” என்றார். சற்றுப் பொறுத்து, “எனக்கும் இப்பிடிச் செய்யத் தெரியும். இப்ப பெட்டி உடைக்கிறதுதான் வேலை” என்றார்.

இக்கூற்றின் பொருளை வாசகர்கள் விளங்கிக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். ஒரு கடை தன்னைப் பேக்கரி என்று அழைத்துக்கொள்ள வேண்டுமாயின், அங்கு விற்கப்படும் பாண் அவ்விடத்திலேயே பிசைந்து சுடப்பட்டதாயிருத்தல் வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. ஆனால் அவ்விதி பாணுக்குரியது. குருவாசனை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே பல கடைகள் பாணைத் தாமே சுட்டுக்கொண்டு, குருவாசனைத் தொழிற்சாலையிலிருந்து உறைந்த நிலையிற் பெட்டி பெட்டியாக வாங்கிப் போறணையில் வைத்து எடுக்கின்றன. அண்ணரின் முதலாளியும் சில ஆண்டுகளாக அவ்வாறே செய்கிறார். மடிப்பதற்கு ஆகும் நேரம் அவருக்குச் செலவு; பெட்டி அந்நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. அண்ணரின் கைகள் கற்ற வித்தை அக்கைகளிலேயே தங்கிவிட்டது.

மார்க்ஸ் தமது 26ஆம் வயதில், 1844ஆம் ஆண்டில், இதே பாரிஸ் நகரில் இருந்தபோதே உழைப்பாளி தன் உழைப்பிலிருந்து அந்நியனாக்கப்படுவது குறித்து எழுதினார். விலங்கு தன் தேவைக்கு மாத்திரமே ஆக்குகிறது, மனிதனோ அழகின் விதிகளுக்கு அமையவும் ஆக்க வல்லவன் என்ற கருத்தும் அக்குறிப்புகளிலேயே உண்டு. உழைப்பாளியின் துயர் என்றதும் குறைந்த கூலியையும் நீண்ட வேலைநேரத்தையும் நினைக்கிறோம். அவை துயரங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் நன்றாகச் செய்யத் தெரிந்த ஒருவன் நன்றாகச் செய்ய விடப்படாதிருப்பதும் ஒரு துயரமே. அதற்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை.

*

குருவாசனைப் பிரெஞ்சு நாகரிகத்தின் ஆன்மா என்று புகழ்வோர் உளர். அதன் வரலாறு வேறுவிதமானது. 1683இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது, நள்ளிரவில் விழித்திருந்த பேக்கரித் தொழிலாளர் நிலத்தின் கீழே சுரங்கம் தோண்டும் ஓசையைக் கேட்டு நகரைக் காப்பாற்றினர் என்றும், அவ்வெற்றியின் நினைவாகப் பகைவரின் கொடியிலிருந்த பிறையின் வடிவில் பாண் சுட்டனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அதற்குச் சமகாலச் சான்று எதுவுமில்லை. பிறை வடிவான பாண் ஒஸ்திரியாவில் அம்முற்றுகைக்கு மிக முன்னரே வழங்கியது. எனினும் பொய்க்கதையும் சில வேளைகளில் ஓர் உண்மையைக் காத்து வைத்திருக்கும். நகரமெல்லாம் உறங்கும் வேளையில் விழித்திருப்பவன் பேக்கரித் தொழிலாளி என்பதை அக்கதையைக் கட்டியவரும் அறிந்திருந்தனர்.

பாரிசுக்கு அப்பிறை வந்து சேர்ந்தது 1830களின் இறுதியிலே. ஓகஸ்ட் சாங் என்ற ஒஸ்திரியர் ரிஷ்லியே வீதியில் வியன்னாப் பேக்கரி ஒன்றைத் திறந்தார். பாரிஸ் மக்கள் அப்பண்டங்களை விரும்பினர். உள்ளூர்ப் பேக்கரிகள் அவற்றைப் பார்த்துச் செய்தன. சாங் 1848இல் வியன்னாவில் பத்திரிகை தொடங்கிப் பெரும் செல்வரானார். அடுக்கடுக்காக மடிக்கும் இன்றைய முறை பிரெஞ்சுக்காரரின் கைகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது. இன்றும் அவ்வகைப் பண்டங்கள் அனைத்துக்கும் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பொதுப்பெயர் வியன்னாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. தேசத்தின் ஆன்மா எனப்படுவது வந்தேறி ஒருவரின் கடையிலே தொடங்கி, இன்று வந்தேறிகள் பலரின் கைகளால் விடியற்காலைதோறும் சுடப்படுகின்றது.

இதனை எழுதும்போது 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் நம்மவர் பலரும் பெருமையோடு பேசிக்கொண்ட செய்தி நினைவுக்கு வருகிறது. பாரிஸ் நகரின் சிறந்த பாகெத் பாணுக்கான போட்டியில், 2006இல் இலங்கையிலிருந்து சென்ற தர்ஷன் செல்வராஜா முதலிடம் பெற்றார். அவருடைய கடை 20ஆம் வட்டாரத்திலே, பிரனே வீதியில் உள்ளது. அப்பரிசைப் பெறுபவருக்கு 4,000 யூரோவும், ஓராண்டு காலம் எலிசே மாளிகைக்குப் பாண் வழங்கும் வாய்ப்பும் கிட்டும். அவருடைய திறமையை நாம் மனமார வாழ்த்துகிறோம். ஆயினும் வெற்றி பெற்ற ஒருவரின் புகழொளியில், பெட்டி உடைத்துக்கொண்டிருக்கும் பலரை மறந்துவிடலாகாது. சிறந்ததெனத் தீர்மானிக்கப்பட்டவுடன் அந்தப் பாண் அரச தலைவரின் மேசைக்கு ஏறிவிடுவதையும் இங்குக் கவனித்தல் தகும்.

அதே 20ஆம் வட்டாரத்திலேதான் பேர் லாஷேஸ் மயானம் இருக்கிறது. 1871 மே 28ஆம் நாள் பாரிஸ் கம்யூனின் போராளிகள் 147 பேர் அதன் மதிலருகே நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாலாவது காலை, கடைசிக் கடையிலிருந்து திரும்பும் வழியில், பெறாமகள் எம்மை அங்கே அழைத்துச் சென்றாள். கையில் கடதாசிப் பையோடு அம்மதிலின் முன்னே நின்றபோது, கம்யூனுக்கும் அந்தப் பைக்கும் உள்ள தொடர்பு எமது நினைவுக்கு வந்தது.

*

கம்யூன் மார்ச் 18 முதல் மே 28 வரை எழுபத்திரண்டு நாள்களே வாழ்ந்தது. நகரைச் சூழ எதிரிகளின் படை நின்றது. பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அந்நிலையில் ஏப்ரல் 20ஆம் நாள் அது பேக்கரிகளில் இரவு வேலையை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. முதலாளிமார் எதிர்த்தனர். தொழிலாளர் கேட்டுப் பெற்ற ஆணை அது. கம்யூனின் தொழிற்றுறைக்குப் பொறுப்பாயிருந்த லியோ பிராங்கெல், கம்யூன் பிறப்பித்த ஆணைகளுள் உண்மையில் சோஷலிசத் தன்மை வாய்ந்தது இதுவொன்றே எனக் கருதினார். கம்யூன் வீழ்ந்தது, அந்த ஆணையும் அதனோடு போயிற்று. எனினும் கோரிக்கை சாகவில்லை. பிரான்சில் 1919ஆம் ஆண்டுச் சட்டம் இரவு பத்து மணிக்கும் காலை நாலு மணிக்கும் இடையில் பேக்கரிகளில் தொழிலாளரை வேலை வாங்குவதைத் தடுத்தது. 1925இல் சர்வதேசத் தொழில் தாபனம் இவ்விடயத்துக்கென்றே தனியானதோர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஆயினும் இன்றும் பாரிசில் எத்தனையோ பேக்கரிகளின் விளக்கு நடுநிசி கடந்த சற்று நேரத்தில் எரியத் தொடங்கிவிடுகிறது. அண்ணர் வீட்டுத் திரைச்சீலைகள் பட்டப்பகலில் இழுத்து மூடப்படுவதை நாம் கண்ணாரக் கண்டோம்.

கம்யூன் நல்ல பாணை விலக்கவில்லை. பாரிஸ் மக்களின் காலையுணவைப் பழிக்கவுமில்லை. பாண் வேண்டும், ஆனால் அதற்காக ஒரு சாரார் தம் இரவுகளை என்றென்றைக்கும் இழக்க வேண்டியதில்லை என்பதே அதன் நிலை. குருவாசன் செய்யும் முறையை அறிந்தோர் இதன் நியாயத்தை எளிதில் விளங்கிக்கொள்வர். ஒவ்வொரு மடிப்புக்கும் பின்னர் மாவுக்கு ஓய்வு கொடுக்காவிடின் அது சுருங்கும், கிழியும், கெட்டுப்போகும் என்பதை எந்த முதலாளியும் அறிவார். மடித்துக்கொண்டிருப்பவனின் ஓய்வைப் பற்றி அவ்வளவு கண்டிப்பான அறிவு அவர்களுக்கு இருந்ததில்லை. மா கெட்டால் நட்டம் தமக்கு. மனிதன் கெட்டால் நட்டம் அவனுக்கு.

குளிர்பதனக் கருவியை எடுத்துக்கொள்வோம். உருவாக்கிய குருவாசனைக் குளிரில் வைத்து, பொங்கும் வேகத்தை மந்தப்படுத்தி, பகலில் செய்ததை மறுநாட் காலையில் சுடலாம். அதாவது இரவு வேலையைப் பெரிதும் குறைக்கும் சாதனம் மனிதன் கையில் இருக்கிறது. சில கடைகள் அதனை அவ்வாறே பயன்படுத்துகின்றன. அதே குளிரைக் கொண்டுதான் தொழிற்சாலை தன் பெட்டிகளை உறையச் செய்து, தொழிலாளியின் கைவித்தையைத் தேவையற்றதாக்குகிறது. கருவியின் மீது குற்றமில்லை. அது யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது, மிச்சமான நேரம் யாருக்குச் சேருகிறது என்பதே கேள்வி.

*

மதிலருகே நின்று இவற்றையெல்லாம் பேசியபோது பெறாமகள் கேட்டாள்: “அப்ப நாங்கள் இதைச் சாப்பிடக் கூடாதோ, சித்தப்பா?”

நேர்மையான கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும். ஆம், கூடாது என்று கூறுவோர் நம்மிடையே உளர். பசித்தவர் இருக்கும் உலகில் நல்ல தின்பண்டம் தேடுவது பாவம் என்பது அவர் வாதம். பாண் இல்லையேல் கேக் உண்ணட்டும் என்று அரசி மரி அந்துவானெத் சொன்னதாக வழங்கும் கதையை அவர்கள் விரும்பிக் கூறுவர். நாமும் வகுப்பறையில் கூறியதுண்டு. அது சரித்திரமன்று. பெயர் கூறப்படாத ஓர் இளவரசியின் கூற்றாக அதனைத் தம் சுயசரிதையில் ரூசோ எழுதியபோது மரி அந்துவானெத் பிரான்சுக்கு வந்திருக்கவேயில்லை. 1789 அக்டோபர் 5ஆம் நாள் பாரிசுப் பெண்கள் வெர்சாய் மாளிகையை நோக்கி நடந்தது பாணுக்காக என்பது சரித்திரம். அவர்கள் கேட்டது தம் பங்கை. எல்லோரும் உலர்ந்த ரொட்டியே உண்ண வேண்டும் என்று அவர்கள் கோரவில்லை. உலர்ந்த ரொட்டியை இலட்சியமாக்குவது, நல்லது செய்யத் தெரிந்த அண்ணரைப் போன்றோரின் வித்தையை இழிவுபடுத்துவதுமாகும்.

மற்றொரு சாரார், நாவுக்கு நல்லது எதுவோ அதுவே போதும், செய்தவன் கதை எமக்கு எதற்கு என்பர். இவர்களுக்கு விடை கூறுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஏனெனில் அநீதிக்குத் தனிச் சுவை கிடையாது. எமது ஒன்பது கடைகளுள் முதலிடம் பெற்ற கடையின் நிலவறையில் எத்தகைய மனிதர் எந்நேரம் தொடங்கி நின்று வேலை செய்தனர் என்பதை எமது நா எமக்குச் சொல்லவில்லை. நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று அண்ணரின் கண் கண்டது. அது பகல் நேரமா, திருடப்பட்ட இரவா என்பதை அவராலும் காண முடியாது. ஆகவே தனிப்பட்ட நுகர்வோன் ஒருவன் மனச்சாட்சிப்படி கடை தேர்ந்து தன்னைத் தூயவனாக்கிக்கொள்ளலாம் என்பது வீண் நம்பிக்கை. நா காணாததைச் சட்டமும் சங்கமும் காண வேண்டும். கம்யூன் பாரிஸ் மக்களிடம் நல்ல கடையாகப் பார்த்து வாங்குங்கள் என்று வேண்டுகோள் விடுக்கவில்லை. எல்லாக் கடைகளுக்கும் ஒரே ஆணையைப் பிறப்பித்தது.

இன்னொன்றையும் கூற வேண்டும். வெண்ணெய்க்கு மாற்றாக மலிவான கொழுப்பொன்றை மூன்றாம் நெப்போலியனின் அரசு தேடியபோது, 1869இல் இப்பொலித் மேழ்-மூரியெஸ் என்பவர் மாஜரினைக் கண்டுபிடித்தார். கடற்படைக்கும் ஏழைகளுக்குமான வெண்ணெய் அது. இன்று பிரெஞ்சுப் பேக்கரிகளில் ஒரு வழக்கம் உண்டு. வெண்ணெயிற் செய்த குருவாசன் நேராயிருக்கும். மாஜரினிற் செய்தது வளைந்திருக்கும். வாங்குவோர் பணப்பையின் கனத்தைப் பண்டத்தின் வடிவமே சொல்லிவிடும். பிறை என்ற பெயருக்கு இன்று உண்மையாயிருப்பது மலிவானது மாத்திரமே. மாஜரின் உண்பதில் இழிவில்லை. ஒரு நகரம் தனது சிறந்ததைச் சிலருக்கென்றும் அதன் சாயலை மற்றையோருக்கென்றும் வகுத்து வைத்திருப்பதே இழிவு.

எனவே பெறாமகளுக்கு நாம் கூறிய விடை இது: சாப்பிடு, தேடு, நல்லதை நல்லதென்று சொல்லத் தயங்காதே. நல்லதை அறியாத நா குறைபாட்டையும் அறியாது. கொடுத்ததைத் தின்னும் நாவே முதலாளிக்கு விருப்பமான நா. ஆனால் தேடலை நாவோடு நிறுத்தாதே. இது எவருடைய கையால் ஆனது, அக்கைக்கு நேரம் கொடுக்கப்பட்டதா, உறக்கம் கொடுக்கப்பட்டதா, தான் செய்ததைத் தன் வீட்டு மேசையிலிருந்து உண்ணும் வசதி கொடுக்கப்பட்டதா என்று கேள். விடை கிடையாவிடின் விடை கிடைக்கச் செய்யும் இயக்கங்களோடு சேர்ந்துகொள். அதுவரை, சிறந்தது என்று நாம் எழுதும் எந்தப் பட்டியலும் அரைகுறைப் பட்டியலே.

நாம் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு அண்ணருக்கு விடுமுறை. மகள் கோதுமை மாவும் வெண்ணெயும் வாங்கி வந்து, தனக்குக் கற்றுத்தரும்படி கேட்டாள். பெட்டி உடைக்காத அக்கைகள் நெடுநாளைக்குப் பின் மாவை விரித்து மடித்தன. மடிப்புக்கு மடிப்பு மாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு அவரும் சற்று நேரம் சாய்ந்திருந்தார். மறுநாட் காலை மூவருமாக இருந்து உண்டோம். அவளுடைய குறிப்புப் புத்தகத்தில் பத்தாவதாக ஒரு பெயர் சேர்ந்தது. அந்தக் கடையை மற்றையோர் தேடிச் சென்று வாங்க இயலாது என்பதே அதிலுள்ள குறை; அக்குறை அண்ணருடையதன்று.